வித்தியாசமே தெரியாத வாஃபிள்

இன்னின்ன பொருள் இருந்தால் இன்னது சமைக்கலாம் என்று நினைப்பவர் சாதாரண மனிதர். இன்னின்ன பொருள் இல்லாமலேயே அதைச் சமைத்துக் காட்டுகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்புகிறவர் தனி இனம். அவருக்கு ‘இல்லாமற் சமைப்பவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ரொட்டியிலிருந்து மாவை எடுத்துவிடுவார், கேக்கிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடுவார், அசந்தால் பாலிலிருந்து பாலையே எடுத்துவிடுவார். எடுத்த இடத்திலெல்லாம் எதையாவது துருவிப் போட்டு, அடித்துக் கலக்கிச் சுட்டு, ஒரு துண்டைப் பிய்த்து உங்கள் வாய்க்கு நேராக நீட்டி, “சாப்பிட்டுப் பாருங்க, வித்தியாசமே தெரியாது” என்பார்.

கவனித்தீர்களா? தெரிகிறதா என்று அவர் கேட்பதில்லை. தெரியாது என்று அறிவிக்கிறார். தெரிந்தால் கோளாறு உங்கள் நாக்கில்.

இவரை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கடையில் எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார், பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிப்பார். விருந்துக்குக் கூப்பிட்டால் ‘நல்லாருக்கு’ என்று சொல்வதற்கு முன்னால் ‘இதுல என்ன போட்டிருக்கீங்க?’ என்பார். நீங்கள் வாயில் வைக்கப்போகும் பிஸ்கட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு பிஸ்கட் இனிக்காது.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. ஒருநாள் ஒரு டாக்டர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார். அன்று சாயங்காலமே இனமாற்றம் நடந்து முடிந்துவிடுகிறது. எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பார்ப்போம். அவருக்கு எதிரே நின்று பார்த்தால் துண்டைப் பிய்த்து உங்கள் வாயில் வைத்துவிடுவார். ஆகவே அவர் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம்.

அந்த அம்மாள் கடையின் முன்பக்கக் கவுண்டரில் இருக்கிறாள். ஃபிரேம்களை எடுத்துக் காட்டுவது, காதுக்குப் பின்னால் குத்துகிறது என்பவர்களுக்குக் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது, கண்ணாடி வந்ததும் போன் பண்ணிச் சொல்வது எல்லாம் அவள் வேலை. கணவர் உள்ளே, இருட்டு அறையில். ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை, பக்கத்தில் லென்ஸ் பெட்டி. வந்தவரின் மூக்கில் ஒரு கனத்த இரும்பு ஃபிரேமை ஏற்றிவைத்து, வட்ட வட்டமான லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி, எடுத்து, செருகி, எடுத்து, இருபத்தாறு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: “இது தெளிவா இருக்கா... இல்ல, இது தெளிவா இருக்கா? முதலாவதா... ரெண்டாவதா?”

வந்தவர்கள் முதல் ஐந்தாறு கேள்விக்கு உண்மையைச் சொல்வார்கள். அப்புறம் கழுத்து வலிக்க ஆரம்பிக்கும், மூக்கு நோக ஆரம்பிக்கும், வெளியே நிறுத்திவிட்டு வந்த ஸ்கூட்டர் ஞாபகம் வரும். “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்பார்கள். அந்தத் தொழிலில் இரண்டும் ஒன்றுதான் என்ற பதில் வந்துவிட்டால் சோதனை முடிந்தது, சரியான லென்ஸ் கிடைத்துவிட்டது என்று பொருள். உள்ளேயிருந்து “ஆச்சு!” என்று கணவரின் குரல் வரும். இப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் களைத்துப்போய்ச் சொன்னவர்கள் என்று முன்கவுண்டருக்குத் தெரியும். அவர்கள் ஒரு வாரம் கழித்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்ப வருவது அவளிடம்தானே?

சரி, டாக்டரின் புருவத்துக்கு வருவோம்.

கால் கட்டைவிரலில் ஏதோ மரமரப்பு என்று போனவரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கூடப்போன மனைவியையும் விடாமல், “வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் குடுத்துட்டுப் போங்களேன்” என்று எடுத்துவிட்டார். அவளுக்கு ஐந்து புள்ளி ஒன்பது. அவருக்கு ஆறு புள்ளி மூன்று.

“இது ரத்தத்துல சர்க்கரையோட மூணு மாசத்துச் சராசரி. இன்னும் சுகர்னு நான் சொல்லமாட்டேன்” என்றார் டாக்டர். “ஆனா வாசப்படியில வந்து நிக்குது. மாவுச்சத்தைக் குறைங்க, நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். இறங்கினா சந்தோஷம். ஏறினா மாத்திரை. காலையில என்ன சாப்பிடறீங்க?”

அவர் உண்மையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாஃபிள். மைதாவில் உப்பும் மிளகும் போட்டு, மொறுமொறுவென்று, சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக, ஆறு.

“அதை விடுங்க” என்றார் டாக்டர்.

ஆறு புள்ளி மூன்று என்பது உங்களுக்கும் எனக்கும் ஓர் எண். கண்ணாடிக்காரருக்கு அது ஒரு தையற்காரர். போன வருஷம் அந்தத் தையற்காரர் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் பவர் வேறு வேறாக இருந்தது. “அண்ணே, இது கண்ணாடியில தீர்ற விஷயமில்ல. முதல்ல சுகர் பாருங்க” என்று அனுப்பிவைத்தவர் இவர்தான். தையற்காரர் பார்த்தார். பார்க்க வேண்டிய காலத்துக்கு ரொம்பப் பின்னால் பார்த்தார். இப்போது அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும்.

டாக்டரிடம் போய்வந்த அன்று ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது கணவர் ஒரே ஒருமுறை சொன்னார். “எனக்குக் கண்ணு போச்சுன்னா அந்த இருட்டு ரூம்ல எனக்கு என்ன வேலை?”

பதில் சொல்லி ஆகாத கேள்விக்குக் காய்கறி வாங்குவது அவள் வழக்கம். முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

முட்டைக்கோஸைச் சாப்பிட்டுவிட்டு நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இல்லாமற் சமைப்பவருக்கு ஒன்றை விடுவதென்றால் பிடிக்காது. விட்டும் இருக்க வேண்டும், வாயிலும் இருக்க வேண்டும். பத்து நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவர், பதினோராம் நாள் காலையில் வாஃபிள் மெஷினை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து மேடைமேல் வைத்தார். மைதா டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றினார். லென்ஸ் உறையில் ஒட்டும் கடைச் சீட்டு ஒன்றை எடுத்து, ‘ஒப்பீட்டுக்கு மட்டும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி அதன் வயிற்றில் ஒட்டினார். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ‘சோதனை ஒன்று’ என்று தலைப்புப் போட்டார்.

ஒரு மனிதன் நோட்டுப் புத்தகத்தோடு சமையலறைக்குள் வந்தால் என்ன செய்ய வேண்டும்? பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். அவள் போகவில்லை. அது அவளுடைய முதல் தவறு.

சோதனை ஒன்று: இரண்டு முட்டை, ஒரு பிடி துருவிய சீஸ். ஊற்றி மூடிய ஒரு நிமிஷத்தில் பொறுமை போய்த் திறந்துவிட்டார். பாதி மூடியோடு மேலே போனது, பாதி கீழே உட்கார்ந்துகொண்டது, இரண்டுக்கும் நடுவே சீஸ் நூல் நூலாகத் தொங்கியது. ஆவி அடங்குகிறவரைக்கும் மூடியைத் தொடக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து மெஷினுக்கு முன்னால் குனிந்து, ஆவி வரும் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு நின்றார். ‘அப்பா, அது ரயில் இல்ல’ என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

சோதனை நான்கு, பாதாம் மாவு: வெளியே கருகியது, உள்ளே ஈரம். சோதனை ஆறு, தேங்காய் மாவு: ஊற்றிய முட்டையையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொண்டா என்றது. சோதனை ஒன்பது, காலிஃப்ளவர். அதைத் துருவி, உப்புப் போட்டுப் பிசறி, துணியில் மூட்டை கட்டித் தண்ணீரை ஒட்டப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் வாஃபிள் அழும். பிழிந்தார். நன்றாகவே பிழிந்தார். எந்தத் துணியில் என்பதுதான் கேள்வி. கடையில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியில். அதை அலசிக் காயப்போட்டு மறுபடி கடைக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க, புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணாடியில் முகம் பார்ப்பதற்கு முன்னால் மூக்கைச் சுருக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

சோதனை பதினான்கில் இசப்கோல் உமி வந்தது. அன்றைக்குச் சாட்சிக்கு அவளுடைய அண்ணனும் இருந்தார். பஸ் ஓட்டுகிறவர். டூட்டிக்குப் போகும் வழியில் தங்கை வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவது வழக்கம். அந்த வழக்கமே அவருக்கு வினையாகிவிட்டது.

“என்ன மாப்ள இது, உமியா? மலச்சிக்கலுக்குக் குடிப்பாங்களே, அதுவா?”

“அதேதான் மச்சான். மாவு மாதிரி பிடிச்சுக்கும். சாப்பிட்டுப் பாருங்க, வித்தியாசமே தெரியாது.”

“இப்பத் தெரியாது மாப்ள. நான் நாப்பது பேரை ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல போறப்பத் தெரியும்.”

சாப்பாட்டு மேஜை இருட்டு அறையாக மாறியது இப்படித்தான். மூன்று நாற்காலி வரிசையாக. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இடதுபக்கம் ஒரு துண்டு வாயில் வரும், ஒரு மடக்குத் தண்ணீர், வலதுபக்கம் ஒரு துண்டு வரும். “இது நல்லாருக்கா... இல்ல, இது நல்லாருக்கா? முதலாவதா... ரெண்டாவதா?”

“அப்பா, எனக்குப் பரீட்சை.”

“இதுவும் பரீட்சைதான். முதலாவதா ரெண்டாவதா?”

“மூணாவதுன்னு ஏதாவது இருக்கா மாப்ள? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

இரண்டு துண்டும் அவருடைய புதுச் சோதனைகளிலிருந்துதான் வரும். மைதா வாஃபிளை மற்றவர்களுக்குத் தரமாட்டார். வித்தியாசமே தெரியாது என்று சொல்வதற்கு அசல் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டுமல்லவா? ஒற்றை லென்ஸை வைத்துக்கொண்டு யார் தெளிவைச் சொல்ல முடியும்? ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் மைதாவில் அசல் ஒன்று சுடப்பட்டது. அதை ருசி பார்க்கும் பொறுப்பு, ஒப்பிட்டுப் பழகிய ஒரே ஆள் என்ற முறையில், அவருடையது.

“உங்களுக்கெல்லாம் எதுக்கு மாவுச்சத்து?” என்பார், அசலை நாலாகப் பிய்த்து வாயில் போட்டபடி. “அந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்.”

சூட்டில் ஒரு மாதிரி, ஆறினால் ஒரு மாதிரி என்று கண்டுபிடித்த பிறகு அசல் இரண்டாயிற்று. ஓரத்துக்கும் நடுவுக்கும் மொறுமொறுப்பு வேறு என்று கண்டுபிடித்த பிறகு மூன்று. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்த சோதனை வாரம் மூன்று நாளாகி, தினமும் காலை என்று ஆகி, கடை மூடி வந்த பிறகு சாயங்காலமும் என்று வளர்ந்தது.

அவள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள். முன்பெல்லாம் மாதம் ஒரு பொட்டலம் மைதா வாங்கின வீட்டில், இப்போது, மைதாவை ஒருவரும் சாப்பிடாத வீட்டில், வாரம் ஒரு பொட்டலம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று டப்பாவில் கொட்டும்போது அவள் கை ஒரு நொடி நிற்கும். பிறகு கொட்டிவிடும். ஏன் சொல்லவில்லை? பத்து நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த மனிதர் இப்போது சீட்டி அடிக்கிறார். கல்யாணமான நாளாகத் தொட்டறியாத பாத்திரம் தேய்க்கும் நாரைத் தொடுகிறார். மெஷினில் ஒட்டிய சீஸை மரக்கரண்டியால் சுரண்டி, எண்ணெய் தடவிய பஞ்சால் துடைத்து, மூடி வைக்கிறார். பாத்திரம் கழுவும் கணவரைப் போய் யாராவது திருத்துவார்களா? அது அவளுடைய இரண்டாவது தவறு.

மூன்றாவது தவறு எல்லோருமாகச் சேர்ந்து செய்தது. சோதனை பதினேழு. அண்ணனுக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. “முதலாவதா ரெண்டாவதா” ஆறு தடவை கேட்டாகிவிட்டது. காபி ஆறிப்போய்விட்டது.

“ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள” என்றார்.

கண்ணாடிக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “ஆச்சு!” என்றார். அண்ணன் விடுதலையாகிப் படியிறங்கினார்.

அவ்வளவுதான். வழி தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து மகளும் “ரெண்டும் ஒண்ணுதான்ப்பா” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். மனைவியும் “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று சொல்லிவிட்டுக் கடைச்சாவியை எடுத்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களை இருபத்தாறு வருஷம் பார்த்தவள், அதையே சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் உறுத்தியது. கடை திறக்க நேரமானதால் உறுத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

வீட்டில் வெற்றி கண்ட இல்லாமற் சமைப்பவர் வீட்டோடு நிற்பாரா? நின்றதாகச் சரித்திரம் இல்லை. வாஃபிளைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, மூக்குக்கண்ணாடி வைக்கும் கூட்டுக்குள் காகிதம் சுற்றிவைத்து, கடைக்குக் கொண்டுபோனார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடித்தவர்களுக்கு இருட்டிலேயே கூட்டைத் திறந்து நீட்டினார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மரியாதைக்கு வாங்கி வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்று, “என்ன சார், கூட்டோட உள்துணி பிஞ்சு வந்திருச்சா?” என்றார். கண்ணாடிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. நாக்குக்கும் பவர் ஏறும் வயசு என்று விட்டுவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது.

கண்ணாடிக்காரர் டாக்டரிடம் போன தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை. கக்கத்தில் நோட்டுப் புத்தகம். நாற்பத்தொரு சோதனை, தேதியோடு, அளவோடு, மதிப்பெண்ணோடு. டாக்டர் கேட்டால் ஒரு பிரதி எடுத்துக்கொடுக்கவும் தயார். மனைவி மட்டும் உள்ளங்கையைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். இன்னொரு காகிதத்தைப் பார்த்தார். “உங்க வீட்டம்மாவுக்கு அஞ்சு புள்ளி அஞ்சு. ரொம்ப நல்லா இறங்கியிருக்கு. உங்களுக்கு ஆறு புள்ளி எட்டு.”

“மாத்திப் போட்டிருப்பாங்க டாக்டர்” என்றார் கண்ணாடிக்காரர், சற்றும் கலங்காமல். “எங்க தொழில்லயும் நடக்கும். இடது லென்ஸ் வலதுல போயிரும்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது தடவை ஓட்டிப் பாக்கச் சொன்னேன். அதேதான். அது என்ன நோட்டு?”

டாக்டர் படித்தார். புரட்டினார். படித்தார். “சோதனை இருபத்தெட்டு. முட்டை ரெண்டு, சீஸ், பாதாம் மாவு, வெங்காயத்தாள். நல்லாத்தானே இருக்கு. கீழ என்ன எழுதியிருக்கீங்க? ஒப்பீட்டு மாதிரி, மைதா, மூணு... அடுத்ததுலயும் ஒப்பீட்டு மாதிரி, மைதா, மூணு. சாயங்காலமும் மூணு.” தலையை நிமிர்த்தினார். “இந்த ஒப்பீட்டு மாதிரியை யார் சாப்பிட்டது?”

“யாரும் சாப்பிடல டாக்டர். ஒப்பிட்டேன்.”

“ஒப்பிட்டு?”

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுங்கினேன்” என்றார்.

டாக்டர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மாத்திரைச் சீட்டை எழுதினார். எழுதியபடியே, “கண் நரம்பையும் ஒரு தடவை பாத்துடுங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்றார்.

சொல்ல வேண்டியதில்லைதான். இருந்தாலும் வெளியே வந்து படியில் நின்றவருக்கு நோட்டுப் புத்தகத்தை எந்தக் கக்கத்தில் வைப்பதென்று தெரியவில்லை. அவள் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். தையற்காரரின் கடை இருந்த திருப்பத்தில் அவர் மறுபக்கம் பார்த்து நடந்தார்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவர் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். இரும்பு ஃபிரேம் அவர் மூக்கில் ஏறியது. ஒரு சின்னப் பெண், கையில் லென்ஸோடு, ஒரு தினுசு ராகமாக ஆரம்பித்தாள். “இது தெளிவா இருக்கா சார்... இல்ல, இதுவா? முதலாவதா... ரெண்டாவதா?” மூக்கு நொந்தது. கழுத்து இழுத்தது. மனம் உள்ளறையில் இருந்தது. நரம்பைப் பார்க்கப்போகிற பெரிய டாக்டர் அங்கேதான் இருந்தார். பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ அவர் சொன்னார்:

“ரெண்டும் ஒண்ணுதான்மா.”

பக்கத்து ஸ்டூலில் இருந்த மனைவி, “பொய் சொல்றாருங்க. இன்னொரு தடவை கேளுங்க” என்றாள்.

அவர் தலையைத் திருப்பி, இரும்பு ஃபிரேமோடு அவளைப் பார்த்தார். பிறகு ஒழுங்காகப் பதில் சொன்னார்.

மருந்து ஊற்றி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்த பெரிய டாக்டர், “நரம்பு சுத்தமா இருக்கு. இதை இப்படியே வச்சுக்கறது உங்க கையில” என்றார். உங்க வாயில என்று சொல்லியிருக்க வேண்டும். நாகரிகமான மனிதர்.

கண்ணில் ஊற்றிய மருந்து இறங்க நாலைந்து மணி நேரமாகும். அதுவரை எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் நடந்தார். வெயில் பட்டுக் கண் நீராக வடிந்தது. மருந்தால் என்றுதான் நாமும் வைத்துக்கொள்வோம்.

“நீங்கள்லாம் சொன்னதும் இப்படித்தானா?” என்றார் நடுத்தெருவில்.

“எது?”

“ரெண்டும் ஒண்ணுதான்னு.”

“இப்படித்தான்.”

“எத்தனாவதுலேர்ந்து?”

“பதினேழாவதுலேர்ந்து.”

அவர் நாலு அடி நடந்தார். “உமியா?”

“உமி பதினாலு. பதினேழு காளான்.”

“காளான் நல்லாருந்துச்சே?”

“செருப்பு மாதிரி இருந்துச்சுங்க. அண்ணனுக்கு டூட்டி இருந்துச்சு, அதனால சொல்லிட்டார். அப்புறம் எங்களுக்கும் வேலை இருந்துச்சு.” ஒரு சைக்கிள் வந்தது. அவரை இழுத்து ஓரமாக நிறுத்தினாள். “மைதாவை டப்பாவுல கொட்டிக்கொட்டி வச்சதும் நான்தான். உங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது? வாய மூடிக்கிட்டு இருந்தேன்ல.”

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார வைத்தாள். நோட்டைப் படிக்கவும் முடியாது, அளவுக் கரண்டியின் கோடும் தெரியாது, ஆவி வரும் இடுக்கில் வைக்க அவர் கண்ணுக்கு அன்று யோக்கியதையும் இல்லை. அந்த வீட்டுச் சமையலறை மூன்று மாதத்துக்குப் பிறகு அமைதியாக இருந்தது. அவள் காலிஃப்ளவரைத் துருவினாள். உப்புப் பிசறினாள். வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். இரண்டு முட்டை, ஒரு பிடி சீஸ், ஒரு கரண்டி பாதாம் மாவு, நறுக்கிய வெங்காயத்தாள், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு. மெஷினில் ஊற்றி மூடிவிட்டு மேடையைத் துடைத்தாள். ஆவி அடங்கிற்று. திறந்தாள். ஓரம் சிவந்து, முழுசாக வந்தது.

ஒரே ஒரு தட்டு. அதில் ஒரே ஒரு வாஃபிள். பக்கத்தில் எதுவும் இல்லை.

அவர் தடவி எடுத்துக் கடித்தார். மென்றார். பழக்கதோஷத்தில் இன்னொரு தட்டுக்காகக் கையை நீட்டினார். மேஜையைத்தான் தொட்டார்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“வாஃபிள் மாதிரியே இல்லை.”

“மாதிரி இருக்கணும்னு யார் சொன்னது? முட்டையும் சீஸும் காலிஃப்ளவரும். கட்டம் போட்டிருக்கு, அவ்வளவுதான். வித்தியாசம் நல்லாத் தெரியுது. நல்லாருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

இரண்டில் எது என்று கேட்டே பழகியவருக்கு, ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால் பதில் வர நேரமாகிறது. அவர் இன்னொரு வாய் கடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. “இன்னொண்ணு சுடு.”

அவள் சுட்டாள். அது வேகிற நேரத்தில் ஸ்டூலின்மேல் ஏறி, மேல்தட்டு டப்பாவை இறக்கி, ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டி எடுத்தாள். சாயங்காலம் காபிக்கு வந்த அண்ணன் கையில் மைதாவைக் கொடுத்தனுப்பினாள். அவர் அதை வாங்கும்போது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “மாப்ளயோட வைத்தியத்துல பெல்ட்டு ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சும்மா. அவரை மட்டும் விட்டுட்டு எங்க எல்லாரையும் குணப்படுத்திட்டாரு.”

அடுத்த மூன்று மாதத்தில், மாத்திரையும் நடையும் ஒற்றைத் தட்டுமாக, எண் ஆறு புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. அவள் காகிதத்தை இரண்டு தடவை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் காய்கறி வாங்க மறந்துபோனாள்.

இல்லாமற் சமைப்பவர் திருந்திவிட்டார் என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் எழுதுகிறவருக்கும் மனசாட்சி உண்டு. கண்ணாடிக்காரர் இன்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சோதனை நாற்பத்திரண்டைப் பற்றித்தான் பேசுகிறார். அதைச் சுட்டவர் யார் என்ற விவரத்தை மட்டும் நேரமின்மையால் விட்டுவிடுகிறார். போன வாரம் டாக்டர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் புருவத்தை லேசாக, மிக லேசாகத் தூக்கினார். நேற்றுக் காலை சமையலறை மேல்தட்டில் உப்பு ஜாடி இருந்தது. அதன் வயிற்றில் ஒரு கடைச் சீட்டு. இந்தத் தடவை அவள் கவுண்டருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நடுவில் எங்கேயோ, ‘இதை நம்ம மச்சானுக்குப் படிக்கக் கொடுக்கணும், அப்படியே அவன்தான்’ என்று ஒரு நினைப்பு வந்தது அல்லவா? கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம். எழுந்துபோய் உங்கள் சமையலறை மேல்தட்டைப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று நீங்களே ஏற்றிவைத்த அந்த டப்பா இருக்கிறதே, அதைக் கையில் எடுத்து லேசாக ஆட்டிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு எடை குறைந்திருக்கிறது?